சவுனாவைத் தாண்டாத சூடு

பேத்தி பிறந்த சேதி வந்தபோது ஆர்வோ ஹைக்கினென் ஒரு பழைய பாய்லரின் வயிற்றுக்குள் இடுப்புவரை நுழைந்திருந்தார். வெளியே தெரிந்தது இரண்டு கால்களும், முழங்காலில் கிழிந்த பேண்ட்டும்தான். அவர் மனைவி ஐலி கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தோட்டத்தின் குறுக்கே ஓடிவந்து, அந்தக் கால்களைப் பார்த்துத்தான் பேசினாள்.

"ஏய் கிழவா, வெளிய வா! பொண்ணு பொறந்திருக்கு!"

உள்ளே 'டங்' என்று ஒரு சத்தம். தலை இரும்பில் இடித்த சத்தம்.

"யாருக்கு? கைசாவுக்கா?"

"பின்ன எனக்கா?"

கரி அப்பிய முகத்தோடு வெளியே வந்தவர் கையைத் தொடையில் துடைத்தார். கையைவிடத் தொடை அழுக்கு. ஐலி போனைக் கையில் கொடுக்காமல் எட்டப் பிடித்துக் காட்டினாள். சின்னச் சிவந்த முகம், இறுக மூடிய கண், பல்லில்லாத வாய். ஆர்வோ கிட்டே போய்ப் பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார், தொப்பியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"அப்படியே எங்கப்பா!"

"உங்கப்பா பல்லு செட்டைத் தொலைச்சிட்டுத் தேடின அன்னிக்கு இருந்தாரே, அந்த மாதிரின்னு சொல்லு. ஆமா, சரிதான்."

குழந்தைக்குத் தாய்மி என்று பெயர் வைத்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் ஊரில் அந்தப் படத்தைப் பார்க்காத ஆளே இல்லை. கடையில் பால் வாங்க வந்தவர்கள் பார்த்தார்கள். தபால் கொண்டுவரும் பெண் இரண்டு தடவை பார்த்தாள். பெட்ரோல் போட நின்ற ஒரு வெளியூர்க்காரர், தான் என்ன பாவம் செய்தோம் என்று தெரியாமலே பார்த்துவிட்டுப் போனார்.

ஆர்வோ ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். அதற்குப் பிறகு ஆயுசு பூராவும் மாவட்ட நிர்வாகத்தின் பனி தள்ளும் லாரியை ஓட்டினார். அமெரிக்காவின் வடக்கே, சுப்பீரியர் ஏரிக்கரையில் அந்த வேலைக்கு ஓய்வே கிடையாது; ஏரி மூச்சு விட்டால் போதும், இந்தப் பக்கம் ஓர் ஆள் உயரத்துக்குப் பனி கொட்டும். இப்போது லாரியை விட்டு இறங்கியாயிற்று. நிலவறையில் இருந்து வீட்டைச் சூடாக்கிய எண்ணெய் அடுப்பும் அவரோடு சேர்ந்தே ஓய்வு பெற்றுவிட்டதுபோல, இருமுவதும் நிற்பதுமாக இருந்தது. வீட்டுக்குப் பின்னால் சொந்தக் காடு. மேப்பிள் மரம் தானாக விழுந்து தானாக மக்கிக்கொண்டிருக்கிறது. விறகு பாய்லர் ஒன்று இருந்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது அப்போதுதான்.

பாய்லர் எதிர்வீட்டிலேயே இருந்தது. டெனிஸ் ட்ரெவாரோ வீட்டில். டெனிஸின் முப்பாட்டன் இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து செம்புச் சுரங்கத்துக்கு வந்தவர். ஆர்வோவின் முப்பாட்டன் ஃபின்லாந்திலிருந்து அதே சுரங்கத்துக்கு வந்தவர். அந்தக் காலத்தில் தொடங்கிய கேலி இன்றைக்கும் ரோட்டின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. டெனிஸுக்கு முதுகு போய்விட்டது, விறகு தூக்க முடியவில்லை என்று எரிவாயுவுக்கு மாறி மூன்று நாலு வருஷம் ஆகிவிட்டது. பாய்லர் கொல்லையில் முட்செடிக்குள் நின்றது. பார்த்தால் புகைபோக்கி வைத்த தகரக் கொட்டகை மாதிரி இருக்கும். உள்ளே நடுவில் தீ எரிகிற அறை, அதைச் சுற்றித் தண்ணீர். அந்தத் தண்ணீர் சூடாகி மண்ணுக்கு அடியில் குழாய் வழியாக வீட்டுக்குப் போய், சூட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வரும்.

"எடுத்துட்டுப் போப்பா. எனக்குப் புல்லு வெட்ட எடம் கிடைச்ச மாதிரி ஆச்சு" என்றார் டெனிஸ்.

"சும்மாவா?"

"நீ உங்க ஊரு ஏலக்காய் ரொட்டி சுடுற அன்னிக்கு என்னைக் கூப்பிடு. அது போதும்."

"நான் சுடல, ஐலி சுடுறா."

"அதனாலதானே கேக்குறேன்."

டிராக்டரில் கட்டி இழுத்து வந்தார்கள். புகைபோக்கியைத் தட்டியதும் ஒரு வாளி பைன் காய் கொட்டியது. அணில் ஒன்று குளிர்காலத்துக்குச் சேர்த்து வைத்தது. ஆர்வோ அதை அப்படியே அள்ளி மரத்தடியில் வைத்தார். அணில் மேலே இருந்து அவரை அன்று பூராவும் திட்டியது.

பழைய பாய்லர் வாங்குகிறவன் முதலில் செய்ய வேண்டியதை அவர் முதலில் செய்தார். தண்ணீர் நிரப்பிவிட்டு, தொடாமல் ஒரு ராத்திரி விட்டார். விடிந்து பார்த்தால் சாம்பல் தங்குகிற அடிப்பக்கத்தில் ஓர் இடம் வியர்த்திருந்தது. சாம்பலை அள்ளாமல் வருஷக்கணக்கில் விட்டால் ஈரம் கோர்த்து இரும்பைத் தின்றுவிடும். "நீ சாம்பல் அள்ளவே இல்லையா?" என்று ரோட்டைத் தாண்டிக் கேட்டார். "அள்ளினேனே, ரெண்டு தடவை" என்று பதில் வந்தது. ஆர்வோ உள்ளே நுழைந்து துருவைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, ஒரு தகடு வைத்து வெல்டிங் அடித்தார். பேத்தி பிறந்த சேதி வந்தது அந்தத் தேய்ப்புக்கு நடுவில்தான். கதவைச் சுற்றியிருந்த நார்க் கயிறு இற்றுப்போயிருந்தது, புதுசு வைத்தார். தண்ணீரில் துருப்பிடிக்காத மருந்து கலந்தார்.

பிறகு பள்ளம் தோண்டினார். அந்த ஊரில் குழாயைத் தண்ணீர் உறையாத ஆழத்தில் புதைக்க வேண்டும். விறகுக் குவியலை ஒட்டிப் பாய்லர். அங்கிருந்து வீடு தூரம். நடுவழியில் சவுனா.

ஃபின்லாந்துக்காரன் வீட்டில் கூரை ஒழுகினாலும் ஒழுகும், சவுனா ஒழுகாது. சனிக்கிழமை சாயங்காலம் அந்த மரக் கொட்டகைக்குள் கல் அடுப்பை மூட்டி, சுட்ட கல்லில் தண்ணீர் ஊற்றி, ஆவியில் வெந்து, சிவந்து, வெளியே வந்து பனியில் நின்றால்தான் அந்த வாரம் முடிந்ததாக அர்த்தம். ஆவி அறைக்கு முன்னால் உடுப்பு மாற்ற ஒரு சின்ன அறை இருக்கும். ஆர்வோவின் சவுனாவில் அந்த அறைத் தரை எப்போதும் சில்லென்று இருந்தது. குழாய் எப்படியும் அந்தப் பக்கமாகத்தான் போகிறது என்று அவர் பழைய பலகைத் தரையைப் பெயர்த்து, குழாயைப் பாம்பு மாதிரி வளைத்து வளைத்துப் போட்டு, மேலே கனமாய் சிமெண்ட் ஊற்றினார். அந்தச் சுற்றை முடித்துக்கொண்டு குழாய் வீட்டுக்குப் போனது.

டெனிஸ் ஒரு கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். காப்பி கொண்டுவந்த ஐலி பக்கத்தில் நின்றாள்.

"இதுக்கு ஒரு வால்வு வெக்கலையா? வேணாங்கும்போது மூடுறதுக்கு?"

ஆர்வோ நிமிர்ந்து பார்த்தார். டெனிஸ் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்ட மாதிரி ஒரு பார்வை. "சவுனாவை எவன்யா மூடுவான்?"

முதல் முதலாகத் தீ மூட்டிய நாளில் அவர் புருவத்தை இழந்தார். இந்த மாதிரி பாய்லரில் கதவைச் சட்டென்று திறக்கக் கூடாது. விரலளவு திறந்து, உள்ளே அடைபட்ட புகை வெளியேறும்வரை ஒதுங்கி நிற்க வேண்டும். அவருக்கு அது தெரியும். ஆனால் பேத்தி வீடியோவில் வந்திருக்கிறாள் என்று ஐலி கூப்பிட்ட அவசரத்தில் மறந்துவிட்டார். 'புஸ்' என்று ஒரு தீ நாக்கு வெளியே வந்து முகத்தை நக்கிவிட்டுப் போனது. போன் திரையில் புருவமில்லாத தாத்தாவும் புருவமில்லாத பேத்தியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இப்பதான் சாயல் தெரியுது" என்றாள் அவர் மகள் கைசா.

டிசம்பரில் கைசா மினியாபோலிஸிலிருந்து போன் பண்ணினாள்.

"அப்பா, எனக்கு லீவு பிப்ரவரி வரைக்கும் இருக்கு. ராமிரோவும் லீவு போடுறான். ஹெய்க்கி நாளுக்கு அங்க வந்துட்டு மாசக் கடைசி வரைக்கும் இருக்கலாம்னு பாக்குறோம்."

ஆர்வோ நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். ஹெய்க்கி நாள் என்றால் ஜனவரியில், குளிர்காலம் பாதி கழிந்ததைக் கொண்டாடும் நாள். ஊரே கூடும். அன்று போகிற வருகிறவர்களெல்லாம் அடுத்தவன் விறகுக் குவியலைப் பார்ப்பார்கள். பாதிக்கு மேல் மிச்சம் வைத்திருக்கிறவனுக்குத்தான் மரியாதை. விறகுக்கும் மரியாதை, மடியில் பேத்தி!

"இருங்கப்பா, முழுசாக் கேளுங்க. ராமிரோவோட அம்மா அரிசோனாவுல, டூசான்ல, தொட்டிலே வாங்கி வெச்சுட்டாங்க. அந்த ஊர்ல ஜனவரியில வெயில் அடிக்குது. உங்க வீடு சூடா இருந்தா அங்க வர்றோம். இல்லன்னா அரிசோனாதான். போன வருஷம் உங்க வீட்டுல நான் தொப்பி போட்டுட்டுத் தூங்கினேன், ஞாபகம் இருக்கா? பச்சைக் குழந்தைப்பா இது."

"எழுபது!" என்று கத்தினார் ஆர்வோ. "எழுபது டிகிரி! உங்கப்பன் வாக்கு!"

மருமகன் ராமிரோ போனை வாங்கினான். "ஆர்வோ, எழுபதுன்னா எங்க ஊர்ல ஸ்வெட்டர் போடுவாங்க. பரவால்ல, வர்றேன்."

அந்த வீட்டுக் கூடத்தில் ஃபாரன்ஹீட் கணக்கில் காட்டும் ஒரு தெர்மாமீட்டர் மாட்டியிருந்தது. முள் எழுபதில் நின்றால் சட்டையோடு உட்கார்ந்து காப்பி குடிக்கலாம். அறுபதுக்குக் கீழே போனால் காப்பிக் கோப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். இலையுதிர்காலத்தில் முள் எழுபதிலேயே ஆடாமல் நின்றது. ஆர்வோ தினமும் காலையிலும் மாலையிலும் விறகு போட்டார், புகைபோக்கியில் படிந்த கரித்தாரைச் சுரண்டினார், தண்ணீர் மட்டம் பார்த்தார், சாம்பலை அள்ளினார். டெனிஸுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாக அள்ளினார்.

ஜனவரி பிறந்ததும் வடக்கே இருந்து நிஜக் குளிர் வந்து இறங்கியது. மூக்கு முடி உறைகிற குளிர். முள் அறுபத்தைந்துக்கு வந்தது. அறுபதுக்கு வந்தது. ஐம்பத்தெட்டில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

"உன் வாக்கு எறங்கிட்டே போகுது பாத்தியா?" என்றாள் ஐலி, தலையில் துண்டு சுற்றிக்கொண்டு.

வெளியே பாய்லரில் பார்த்தால் தண்ணீர் கொதிக்காத குறையாகத் தளதளக்கிறது. வீட்டுக்கு வந்து பார்த்தால் குழாய் வெதுவெதுப்பு. நடுவில் எங்கோ சூட்டை யாரோ குடித்துக்கொண்டிருக்கிறார்கள். யார்?

ஆர்வோ விறகைச் சந்தேகப்பட்டார்; ஈர விறகையெல்லாம் ஒதுக்கிவிட்டு இரண்டு வருஷம் காய்ந்த மேப்பிளைப் போட்டார். முள் நகரவில்லை. நிலவறையில், காற்றுக் குழாய்க்குள் கார் ரேடியேட்டர் மாதிரி ஒன்று இருக்கும். அதில்தான் வெந்நீர் வந்து காற்றைச் சூடாக்கும். அதைக் கழற்றி, தூசியை ஊதி, ஐலியின் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தார். முள் நகரவில்லை. ஐலி நகர்ந்தாள், புது பிரஷ் வாங்க. குழாயில் காற்று அடைத்திருக்கிறதா என்று திறந்து பார்த்தார். பம்ப்பைக் காதில் வைத்துக் கேட்டார். ஜன்னலுக்கெல்லாம் பிளாஸ்டிக் ஒட்டினார்.

இவ்வளவும் முடித்துவிட்டு, சாயங்காலமானால் சவுனாவின் உடுப்பு மாற்றும் அறைக்குப் போய், பூட்ஸைக் கழற்றி, வெறுங்காலைக் கதகதப்பான சிமெண்ட் தரையில் வைத்து, வீடு ஏன் சூடாகவில்லை என்று யோசிப்பார். யோசிப்பதற்கு அந்த அறைதான் தோது. அவ்வளவு சுகமாக இருக்கும்.

"பாய்லரைக் குத்தம் சொல்லாதே" என்றார் டெனிஸ். "எங்கிட்ட இருந்தப்ப வீட்டை வறுத்து எடுத்துச்சு. ஜன்னலைத் திறந்து வெச்சுட்டுத் தூங்கினோம்."

"அதான் சும்மா குடுத்தியா?"

"நன்றி கெட்ட பய. மரம் எவ்வளவு போகுது?"

ஆர்வோ வானத்தைப் பார்த்தார். குவியல் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. ரோட்டிலிருந்து தெரியாமல் இருக்க முன்பக்கத்தில் ஒரு தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருந்தார்.

கைசா குடும்பம் வருகிற நாளும் வந்துவிட்டது. காலையிலிருந்து ஆர்வோ பாய்லருக்கும் வீட்டுக்குமாக ஓடினார். ஐலி ரொட்டி சுட்டு அடுப்பின் சூட்டை வீட்டுக்குள் விட்டாள். முள் அறுபது. டெனிஸ் வரப்போகிறவர்களுக்காக, இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்துச் சுட்ட பாஸ்டி ஒரு தட்டு நிறையக் கொடுத்துவிட்டுப் போனார். அடுப்பிலிருந்து இறங்கியது, கையில் பிடிக்க முடியாத சூடு. ஆர்வோ அந்தத் தட்டைப் பார்த்தார். தெர்மாமீட்டரைப் பார்த்தார். அதற்கு நேர் கீழே ஒரு சின்ன அலமாரி இருந்தது.

கார் வந்து நின்றது. முதலில் இறங்கியது மூன்று கோட்டு. அதற்குள் ராமிரோ இருந்தான். பிறகு கைசா, கையில் ஒரு கம்பளி மூட்டை. மூட்டையின் நடுவில் ஒரு மூக்கு. ஆர்வோ அந்த மூக்கைத்தான் முதலில் பார்த்தார். அவர் இரண்டு கையையும் நீட்டுவதற்குள் ஐலி பறித்துக்கொண்டாள்.

"குடு இங்க! நீ விறகு தூக்கின கையி!"

கைசா நேராகத் தெர்மாமீட்டரிடம் போனாள்.

"அப்பா. இது எழுபத்தி அஞ்சு காட்டுது."

"அப்படியா? பரவால்லையே!"

"கோட்டுக்குள்ளயும் எனக்கு நடுங்குதே."

"வெளிய இருந்து வந்தேல்ல, மிச்சக் குளிர்."

கைசா மூக்கை உறிஞ்சினாள். குனிந்தாள். அலமாரியில், துண்டுக்குக் கீழே, ஆவி பறக்கும் பாஸ்டி. ராமிரோ ஒன்றை எடுத்துக் கடித்தான். "நல்லாருக்கு" என்றான்.

"அப்பா, நீங்க கோவிச்சுக்கக் கூடாது" என்றாள் கைசா, மெதுவாக. அவள் மெதுவாகப் பேசினால் முடிவெடுத்துவிட்டாள் என்று அர்த்தம். "இன்னிக்கு ராத்திரி எப்படியாவது சமாளிக்கிறோம். நாளைக்கு டூசானுக்கு டிக்கெட் பாக்குறேன். இவளுக்கு மூக்கு ஐஸா இருக்கு."

ஆர்வோ தொப்பியைக் கையில் வைத்துத் திருகினார். வாழ்நாள் பூராவும் ஊருக்கெல்லாம் பனி தள்ளிக் கொடுத்த மனுஷன், ஒரு மூக்கைச் சூடாக்க முடியாமல் நின்றார். அந்த நேரம் பார்த்துத் தாய்மி தொண்டையைத் திறந்தாள். துணி மாற்ற வேண்டிய வாசனையும் வந்தது.

"இந்தக் குளிர்லயா அவிழ்ப்பாங்க?" என்றாள் ஐலி. "தம்பி ராமிரோ, புள்ளையைத் தூக்கிட்டு சவுனாவுக்குப் போ. அந்த முன்னறை கதகதன்னு இருக்கும்."

ராமிரோ மூன்று கோட்டுக்குள் குழந்தையைச் செருகிக்கொண்டு பனியில் விரைந்தான். போனவன் போனவன்தான். இங்கே மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் காப்பி குடித்தார்கள். ஒரு கோப்பை முடிந்தது. இன்னொரு கோப்பையும் முடிந்தது.

"துணி மாத்துறதுக்கு இவ்வளவு நேரமா? விழுந்து கிழுந்து தொலைச்சானா?" என்று கைசா எழுந்தாள். மூன்று பேரும் போனார்கள்.

கதவைத் திறந்தால், தரையில் ராமிரோ மல்லாந்து கிடக்கிறான். மூன்று கோட்டும் கொக்கியில். ஸ்வெட்டரும் கொக்கியில். பனியன் மட்டும். கண் மூடியிருக்கிறது, முகத்தில் ஒரு சிரிப்பு. பக்கத்தில் துண்டு மேல் தாய்மி, உடம்பில் ஒரு நூல் இல்லாமல், இரண்டு காலையும் உதறிக்கொண்டு, கூரையைப் பார்த்துக் கெக்கெக்கென்று சிரிக்கிறாள். மூக்கு ரோஜா நிறம்.

"எங்க ஊரு மணல் மாதிரி இருக்கு" என்றான் ராமிரோ, கண்ணைத் திறக்காமல். "மத்தியானம் செருப்பில்லாம நின்னா இருக்குமே, அந்தச் சூடு. ஆர்வோ, இந்தத் தரையை எப்படிச் செஞ்சீங்க?"

ஆர்வோ பெருமையாக வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது.

கைசா தரையைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். "பாய்லர்லேருந்து தண்ணி முதல்ல எங்க வருது?"

"...இங்க."

"அப்புறம்?"

"அப்புறம் வீட்டுக்கு."

"இவ்வளவு பெரிய சிமெண்ட்டை முதல்ல சூடாக்கிட்டு, மிச்சம் மீதி இருக்கறதுதான் வீட்டுக்கு. அப்படித்தானே?"

"வழியில இருந்துச்சும்மா" என்றார் ஆர்வோ, பள்ளிக்கூடப் பையன் மாதிரி.

"ரெண்டு வாரமா என் பிரஷ்ஷால ரேடியேட்டரைத் தேச்சியே, ஒரு நாளாவது இதை யோசிச்சியா?" என்றாள் ஐலி.

"யோசிச்சேனே! தினம் இங்க உக்காந்துதான் யோசிச்சேன்!"

ஐலிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பெஞ்சில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அதைப் பார்த்துக் கைசாவுக்கும் வந்தது. தாய்மி தன்னைத்தான் பாராட்டுகிறார்கள் என்று நினைத்து இன்னும் வேகமாக உதறினாள்.

"சரி, இதை மூடிடுங்க. வால்வு எங்க?" என்றாள் கைசா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ஆர்வோ தொப்பியைப் பார்த்தார். ஐலிதான் அவருக்குப் பதிலாகச் சொன்னாள், அவர் குரலிலேயே: "சவுனாவை எவன்யா மூடுவான்?"

குழாயை அறுத்து வேலை செய்வதென்றால் மறுநாள் வெளிச்சத்தில்தான் முடியும். இருட்டிக்கொண்டு வந்தது. கைசா வாசலில் நின்று வீட்டைப் பார்த்தாள், உள்ளே திரும்பி அந்தத் தரையைப் பார்த்தாள். பிறகு பூட்ஸைக் கழற்றி ஒரு காலை மட்டும் வைத்துப் பார்த்தாள். இன்னொரு காலையும் வைத்தாள்.

"மெத்தையை இங்க கொண்டு வாங்கப்பா" என்றாள்.

ஆர்வோ ஓடினார். மெத்தை, தலையணை, ரொட்டி, காப்பிப் பாத்திரம், ஆறிப்போன பாஸ்டி எல்லாம் பனிக்குள் ஊர்வலமாக வந்தன. தட்டை அந்தத் தரையிலேயே வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் பாஸ்டியும் இளஞ்சூடானது. கல் அடுப்பை மூட்டவில்லை, ஆவியும் இல்லை. உடுப்பு மாற்றும் அறை குழந்தை அறையாகிவிட்டது. துண்டு மாட்டுகிற கொக்கிகளில் தாய்மியின் காலுறைகள் வரிசையாகத் தொங்கின. முதல் தடவையாக அவளை ஆர்வோ மடியில் வைத்தார்கள். விறகு தூக்கின கையை அவர் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியிருந்தார். அவள் அவர் புதுசாக முளைத்த புருவத்தைப் பிடித்து இழுத்தாள்.

"இழு தாயே, இழு. உனக்குன்னுதான் வளர்த்தேன்."

மறுநாள் காலை வேலை தொடங்கியது. டெனிஸ் வந்து தன் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். விஷயத்தை ஐலி ஏற்கெனவே போனில் சொல்லிவிட்டாள். அவர் முகத்தில் கிறிஸ்துமஸ் திரும்பி வந்திருந்தது.

"நான் அன்னிக்கே கேட்டேன். கேட்டேனா இல்லையா?"

"கேட்ட, கேட்ட. அந்த ரெஞ்ச்சை எடு."

குழாய் தரைக்குள் இறங்குகிற இடத்தில் சுவரோரம் ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். பம்ப்பை நிறுத்தி, அங்கே குழாயை அறுத்து, சூடான தண்ணீர் நேராக வீட்டுக்குப் போக ஒரு குறுக்கு வழி போட்டு, தரைக்குப் போகிற பக்கத்தில் ஒரு வால்வு வைத்தார்கள். சிவப்புக் கைப்பிடி. அதைத் திருப்பும்போது ஆர்வோ கண்ணை மூடிக்கொண்டார். வால்வை முழுசாக மூடவில்லை. தரைக்கும் கொஞ்சம் சூடு போகட்டும் என்று விட்டு வைத்தார். பாதி விட்டுக்கொடுத்துப் பாதி வைத்துக்கொள்கிற அந்தக் கணக்கெல்லாம் கல்யாணம் பண்ணின மனுஷனுக்குத் தெரியும். பம்ப்பை ஓடவிட்டு, குழாயில் அடைத்த காற்றை வெளியேற்றி, போன தண்ணீருக்கு ஈடாகப் புதுத் தண்ணீரும் மருந்தும் ஊற்றினார். மத்தியானத்துக்குள் வீட்டில் முள் அறுபத்தைந்து. சாயங்காலம் எழுபத்தொன்று. பாஸ்டி இல்லாமல்.

ஆர்வோ பனியில் விழுந்தடித்து ஓடிப்போய்ச் சவுனாக் கதவைத் தட்டினார். "எழுபத்தொண்ணு! வீடு எழுபத்தொண்ணு! வாங்க எல்லாரும்!"

கதவு விரலளவு திறந்தது. கைசாவின் ஒரு கண் தெரிந்தது. "உஷ்! தூங்குறா. நாளைக்கு வர்றோம்பா."

மறுநாளும் அப்படித்தான் சொன்னாள். அதற்கு மறுநாளும் அப்படித்தான். தரைக்குப் போகிற சூட்டைக் குறைத்துவிட்டாலும் அந்தச் சிமெண்ட் ஒரு தடவை குடித்த சூட்டை லேசில் விடவில்லை. குழந்தை மினியாபோலிஸில் ஒரு நாள்கூட விடிய விடியத் தூங்கியதில்லையாம், இங்கே தூங்குகிறாள். ராமிரோ வெறுங்காலோடு நடக்கப் பழகிவிட்டான். டூசானிலிருந்து அவன் அம்மா போன் திரையில் வந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ஸ்பானிய மொழியில் நீளமாக ஏதோ சொன்னாள்.

"டிக்கெட் வேணாமாம்" என்றான் ராமிரோ. "வேற ஒண்ணு கேக்குறாங்க. அந்தத் தரையில இன்னொரு மெத்தைக்கு எடம் இருக்குமான்னு."

ஹெய்க்கி நாளன்று ஊர்க்காரர்கள் வழக்கம்போல விறகுக் குவியலைப் பார்க்க வந்தார்கள். ஆர்வோ தார்ப்பாயை அவிழ்க்கவே இல்லை. அவர்களை நேராகச் சவுனா ஜன்னலுக்கு அழைத்துப்போனார். அதற்குப் பிறகு விறகைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை வந்தது. சாயங்காலம் ஆர்வோ துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பழக்கதோஷத்தில் சவுனா வாசல்வரை போய்விட்டார். உள்ளே தாலாட்டுக் கேட்டது. கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பாய்லருக்குப் போய், கதவை விரலளவு திறந்து, ஒதுங்கி நின்று, புகை போனபிறகு நாலு கட்டை போட்டார். ரோட்டைத் தாண்டினார். டெனிஸ் வீட்டுக் கதவைத் தட்டினார்.

டெனிஸ் துண்டைப் பார்த்தார். ஆளைப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மெல்ல விரிந்தது.

"நீ சொல்லவே வேணாம், எனக்கே புரியுது."

"வாயை மூடு."

"சனிக்கிழமை. ஹைக்கினென் வீட்டு ஆளு. என் குளியல் தொட்டிக்கா?"

"ஆவி வருமா அதுல?"

"வெந்நீர் வரும். சோப்பு வரும். மஞ்சள் கலர்ல ஒரு வாத்து பொம்மை இருக்கு, என் பேரனோடது. வேணும்னா எடுத்துக்கோ. ஐயோ, இதை நான் யார்கிட்ட முதல்ல சொல்லுவேன்?"

"எவன்கிட்ட வேணாலும் சொல்லு."

சவுனா இருக்கும்போது தொட்டி எதற்கு என்று தன் வீட்டில் ஒன்று வைக்காத ஆர்வோ அந்தத் தொட்டியில் கழுத்துவரை இறங்கினார். தொட்டி அவருக்குக் குட்டை. முழங்கால் இரண்டும் வெளியே நின்றன. ஆவி இல்லை, கல் இல்லை, உடம்பு வேகவும் இல்லை. ஆனால் தலைக்கு மேலே ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. அதைக் கையால் துடைத்துவிட்டுப் பார்த்தால், ரோட்டுக்கு அந்தப் பக்கம் பாய்லரின் புகை நேராக மேலே போவது தெரிந்தது. அதற்குக் கீழே சவுனா ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் ஐலியின் நிழல், தோளில் ஒரு சின்ன மூட்டையோடு, மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது.

"உள்ள என்னய்யா சத்தம்?" என்று டெனிஸ் கதவுக்கு வெளியே கேட்டார். "பாடுறியா?"

"பாடுறேன். உனக்கென்ன?"

வாத்து பொம்மை அவர் முழங்காலைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தது.